கறுப்புச் சால்வை

"நல்லாப் பாத்துக்கங்க. கறுப்புச் சால்வை! இதுக்கு மேல என்னா சாட்சி வேணும்?"

தங்கராஜா மானிட்டரை விரலால் தட்டித் தட்டிக் காட்டினார். தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருபது வருடமாக அவர்தான் கோவில் தலைவர். அவர் வீட்டு முன்னறையில் அன்று மத்தியானம் கால் வைக்க இடமில்லை.

மூன்று வெள்ளிக்கிழமையாக அவர் வீட்டுக் கேட்டடியில் செய்வினை வைக்கிறார்கள். இரண்டாகப் பிளந்த எலுமிச்சம்பழம், அதில் அப்பிய குங்குமம், நடுவில் ஒரு ஊசி. முதல் வாரத்திலிருந்தே மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பயம்தான், சும்மா சொல்லக் கூடாது.

அதற்காகவே கூரைக்குக் கீழே கேமரா பூட்டினார். இன்று காலை ஆறரைக்கு, அவர் கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில், ஆள் அகப்பட்டுக்கொண்டது.

வாசற்படியில் கிரிஷாந்தனை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஐயப்பனுக்கு மாலை போட்டவன்; கறுப்பு வேட்டி, கறுப்புச் சால்வை. போன மாதக் கோவில் கூட்டத்தில் எழுந்து நின்று, "தலைவர மாத்தணும்" என்று சொன்ன ஒரே ஆள் அவன்தான். இன்று சாயங்காலத்துக்குள் பெண்டாட்டி, கைப்பிள்ளையோடு அவன் லயத்து வீட்டைக் காலி பண்ணவேண்டும் என்று ஏற்கெனவே பேசி முடித்தாயிற்று.

"என் சால்வையில கரையே கெடையாது தலைவரே. அதுல பச்சைக் கரை தெரியுது பாருங்க," என்றான் அவன்.

"சாமின்னு பாக்குறேன். இல்லாட்டி இந்நேரம் பல்லு பேந்திருக்கும்!"

திரையில் பனிமூட்டம். தலையோடு போர்த்திய ஓர் உருவம் கேமராவுக்கு முதுகைக் காட்டி, கேட்டைப் பார்த்தபடி குந்தியிருந்தது. பக்கத்துச் செம்பருத்திச் செடியில் பூவெல்லாம் கரிக்கட்டை மாதிரிக் கறுத்துக் கிடந்தன.

"பாருங்க, பூவே கருகிப்போச்சு! நம்ம கண்ணுக்குத் தெரியாதது கேமராவுக்குத் தெரியுது," என்றார் தங்கராஜா. சனம் "அம்மா தாயே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அந்த உருவத்தைப் பெரிதாக்கிக் காட்டத்தான் பதுளையிலிருந்து றில்வானை வரவழைத்திருந்தார். கம்ப்யூட்டர் கடைக்காரர். அவருக்குச் செய்வினையைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஒயரைப் பற்றி எல்லாம் தெரியும்.

"தலைவர், படம் ஒரு மாதிரி பச்சையடிக்குது. இந்த நீலத்தலை வீ.ஜீ.ஏ. ஒயர் பழைய சாமான். மானிட்டர் பின்னுக்கு எச்.டி.எம்.ஐ. ஓட்டையும் இருக்கு. அதுல குடுத்தா சுத்தமா வரும்."

அந்த நேரம் பார்த்து, தலைவரின் மனைவி சந்திரகாந்தி தேத்தண்ணியோடு வந்தாள். சக்திக்கு விரதமிருந்து ஒரு மாதமாகச் சிவப்புச் சேலையே கட்டுகிறவள். கணவர் கையில் ஒரு கோப்பையைக் கொடுத்துவிட்டு றில்வானிடம் திரும்பினாள்.

"எதுக்கு தம்பி ஒயர மாத்தி மெனக்கெடுறீங்க? இருக்குறதே தெரியுதுதானே. குடிச்சிட்டுக் கெளம்புங்க, மழ வருது."

"ஒனக்கு என்னாடி தெரியும்? வாய மூடிக்கிட்டு உள்ளுக்குப் போ!"

முப்பது வருடமாக அவள் எதைச் சொன்னாலும் கிடைக்கிற பதில் அதுதான். சில நாள் கையும் கூடவே வரும். இன்று சனம் இருந்ததால் வாயோடு நின்றது. அவள் உள்ளே போகவில்லை, குசினி வாசலில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"நீங்க மாத்துங்க தம்பி," தங்கராஜா ஒரு மிடறு குடித்தார். "எனக்குக் குழி தோண்டுறது யாருன்னு இந்தத் தோட்டமே பாக்கட்டும்."

றில்வான் இரண்டு பக்கத் திருகாணியையும் கழற்றிப் பழைய ஒயரை உருவினார். திரை செத்துப்போனது. தகரத்தில் மழை விழத் தொடங்கிய சத்தம் மட்டும்தான் கேட்டது. தங்கராஜா அந்த இருட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

புது ஒயரைச் செருகி, மானிட்டர் பொத்தானை இரண்டு தரம் அமத்தினார் றில்வான். படம் பளிச்சென்று வந்தது.

முதலில் தெரிந்தது செம்பருத்திதான். அத்தனை பூவும் செக்கச்செவேல் என்று பூத்திருந்தன.

"அட, பூ கருகலையே!" என்றது ஒரு குரல்.

றில்வான் பழைய ஒயரின் தலையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இதுல ஒரு ஊசி ஒடைஞ்சிருக்கு தலைவர். செவப்பு வந்தே இருக்காது. செவப்பா உள்ளதையெல்லாம் இது கறுப்பாத்தான் காட்டியிருக்கும், மஞ்சளையெல்லாம் பச்சையா."

திரையில் குந்தியிருந்த உருவத்தின் தலையில் இப்போது கறுப்புச் சால்வை இல்லை. மஞ்சள் கரை போட்ட சிவப்பு முந்தானை இருந்தது.

கிரிஷாந்தனைப் பிடித்திருந்த கைகள் தாமாக விட்டன. ஒவ்வொரு தலையாகக் குசினி வாசல் பக்கம் திரும்பியது. கடைசியாகத் திரும்பியவர் தங்கராஜா. கையில் பாதி குடித்த தேத்தண்ணி.

சந்திரகாந்தி மஞ்சள் கரையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"ஒயர மாத்த வேணாமுன்னு சொன்னேன்ல."