முகூர்த்தத்துக்கு வருவாரோ?

“ஆள் நேரத்துக்கு வருவாரோ, தங்கச்சி?”

கோயில் பரிபாலன சபைத் தலைவர் செல்வநாயகம் குளக்கட்டில் நின்று கைகளைப் பிசைந்தார்.

“உறுதியாச் சொல்லேலாது ஐயா.” யதுர்ஷிகா கமராவிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. “சாப்பாடு எங்க கிடைக்குதோ, அங்கதான் ஆள் நிப்பார்.”

“போன மாசம் பக்கத்து ஊருக்கு வந்து மூண்டு தரம் சுத்திப்போட்டுப் போனவர். வீடியோ கனடா மட்டும் போயிட்டுது. இங்க வராட்டி நான் தலைநிமிந்து நடக்கேலாது.”

அவர் தவித்தது அமைச்சருக்காக அல்ல, கருடனுக்காக. கும்பாபிஷேகத்தன்று கலசத்தில் தீர்த்தம் விழும் நேரம் கருடன் வானத்தில் வட்டமிட்டால்தான் அம்பாளின் மனம் குளிர்ந்தது என்று ஊர் நம்பும். அந்தக் கருடனை யதுர்ஷிகா போன்றவர்கள் செம்பருந்து என்பார்கள்.

அவளுக்குக் கிளிநொச்சியில் வங்கி வேலை. லீவு நாள் வந்தால் நீண்ட லென்சைத் தோளில் போட்டுக்கொண்டு மருதங்குளத்துக்கு வந்து, பருந்து, வல்லூறு, கழுகு என்று கண்டதையெல்லாம் படமெடுப்பாள். “பொம்பிளைப் பிள்ளைக்குக் குளக்கட்டில என்ன வேலை?” என்று போன வருடம் அவளைக் கலைத்துவிட்டவரும் இதே செல்வநாயகம்தான். கோயில் அலுவல் என்றதும் அவள் தங்கச்சி ஆகிவிட்டாள்.

“அப்ப ஏன் பிள்ளை, இப்ப ஒண்டையும் காணேல்லை?”

“நீங்கள்தானே ஐயா கலைச்சனீங்கள்.”

உண்மைதான். கும்பாபிஷேகம் முடியும்வரை ஊர் சுத்தமாக இருக்கவேண்டும் என்று, குளத்தில் வலை வீசக்கூடாது, மீன் வியாபாரி ஊருக்குள் கால் வைக்கக்கூடாது என அவர் ஒலிபெருக்கியில் உத்தரவு போட்டிருந்தார். கரையில் எறியப்படும் மீன் கழிவை நம்பியிருந்த பருந்துகள் அடுத்த குளத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டன.

“கோயில் மடத்துக்குப் பின்னால கொஞ்சம் மீன் கிடந்தால் ஓடி வருவினம்,” என்றாள், பாதி பகிடியாக.

“சிவ சிவா! ஒரு மண்டலமா மரக்கறிச் சட்டி வைச்சிருக்கிற ஊரில கதைக்கிற கதையே இது?” செல்வநாயகம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

கூட வந்திருந்த குருக்கள் மட்டும் கோபப்படவில்லை. வானத்தை அண்ணாந்து பார்த்தார். “அவ்வளவு உயரத்தில இருந்து சின்னச் சாமானும் தெரியுமோ பிள்ளை?”

“வடிவாத் தெரியும் ஐயா. அதின்ர கண் என்ர லென்சை விடத் திறம்.”

“எல்லாம் ஈஸ்வர சிருஷ்டி,” என்று குருக்கள் கைகூப்பினார்.

கும்பாபிஷேக நாளன்று செல்வநாயகமே அவளை மடத்து மாடியில் ஏற்றிவிட்டார். ஏணியடியில் நின்று குரலைத் தாழ்த்தினார்.

“கருடன் வந்தால் வடிவா எடு. வராட்டி...”

“வராட்டி?”

“வேற இடத்தில எடுத்த படம் ஏதும் உன்னட்டைக் கிடக்கும்தானே? அதை எங்கட கோபுரத்துக்கு மேல ஒட்டிவிடேலாதோ?”

அவள் பதில் சொல்லமுன் மேளம் முழங்கியது. கும்பங்கள் தூபியை நோக்கி ஏறின. ஊர் முழுவதும் வானத்தைப் பார்த்தது. ஒரு காகம் குறுக்கே பறந்தபோது யாரோ அவசரப்பட்டு “அரோகரா” என்றார். செல்வநாயகம் அவரை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார்.

குருக்கள் கலசத்தில் தீர்த்தத்தைச் சரித்தார்.

குளத்துப் பக்கமிருந்து ஒரு செம்பருந்து வந்தது. பிறகு இன்னொன்று. யதுர்ஷிகா எண்ணி முடிக்கமுன் ஒரு கூட்டமே கோபுரத்துக்கு மேல் வட்டமிட்டது. சனம் அழுதது, விழுந்து கும்பிட்டது. ஒரு பருந்து மடத்துக்குப் பின்னால் சரேலென்று இறங்கி, அவள் தலையை உரசுவதுபோல மேலேறியது. வெயில் பட்ட செம்மண் நிறச் சிறகு, வெள்ளைக் கழுத்து. இப்படி ஒரு படத்துக்காக எத்தனை லீவு நாள் வெயிலில் காய்ந்திருப்பாள்! கமராப் பொத்தானை விடாமல் அழுத்தினாள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நகங்களுக்குள் ஒரு சூடைமீன் மினுங்கியது. குளத்து மீன் அல்ல, கடல் மீன்.

மாடியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். வேலியோரத்தில் தலைவாழை இலை விரித்து, படையல் மாதிரி வரிசையாக அடுக்கிய சூடைமீன். மிச்சத்துக்குக் காகங்கள் சண்டை பிடித்தன.

இறங்கி வந்து செல்வநாயகத்தைத் தேடிப் பிடித்தாள். அவர் கண்ணீரைச் சால்வையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“மீனை நீங்கள்தானே ஐயா வைச்சனீங்கள்?” என்று காதுக்குள் கேட்டாள்.

“அம்பாளாணை இல்லை! மீனைக் கண்ணாலும் கண்டு ஒரு மண்டலமாகுது.”

அவள் படத்தைக் காட்டினாள். அவர் நெடுநேரம் பார்த்தார். முகம் வெளுத்து, மெல்லப் பழைய நிறத்துக்குத் திரும்பியது.

“அது வாழைப்பழம்,” என்று உறுதியாகச் சொல்லிவிட்டு, கருடன்களின் வருகையை அறிவிக்க ஒலிபெருக்கியடிக்கு ஓடினார்.

அந்த மனிசன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குப் பட்டது. அப்போ யார்? குழப்பத்தோடு கமராவைப் பையில் வைத்துக்கொண்டிருந்தபோது, ஈர வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாகக் குருக்கள் வந்தார்.

“படம் திறமா வந்ததோ பிள்ளை?”

“ஓம் ஐயா.”

குருக்கள் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு கிட்ட வந்தார்.

“வாற கிழமை துணுக்காயில ஒரு கும்பாபிஷேகம். அங்கத்தைப் பருந்துகளுக்கும் சூடைமீன் சரிவருமோ?”