அறையினுள் எவரும் நுழையலாகாது

இராஜேஸ்வரி எதனையும் இருமுறை வாசிப்பவள். மருந்துப் பெட்டியினுள் மடித்து வைத்திருக்கும் துண்டுத்தாளைக்கூட அவள் விட்டுவைத்ததில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் கற்பிக்கும் தற்காலிக உதவி விரிவுரையாளருக்கு அது பொருத்தமான பழக்கமே.

அவள் கணவன் திருச்செல்வம் வாசிப்பில் நாட்டமில்லாதவன். கெலிஓயாவில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவன். ஆயினும் அவள் எழுதவிருந்த பரீட்சையின் விதிகளை மட்டும் அவளிடம் கேட்டுக் கேட்டு மனனம் செய்திருந்தான்.

வெளிநாட்டிற் பட்டப்பின் படிப்புக்கு விண்ணப்பிப்போர் எழுதும் ஜீ.ஆர்.ஈ. பரீட்சை அது. அமெரிக்காவில் ஒரு பேராசிரியை அவளைத் தமது ஆய்வுகூடத்திற் சேர்த்துக்கொள்ள விரும்பினார். நல்ல புள்ளி மட்டும் உரிய காலத்திற் போய்ச் சேரவேண்டும். தவறினால் அந்த இடம் வேறொருவருக்கு.

"ரெண்டு மணித்தியாலங்கூட இல்லாத பரீட்சை, அஞ்சு வருஷப் படிப்பைத் தீர்மானிக்குமாக்கும்?" என்று அவன் ஒருநாள் கேலி பேசினான்.

"அதுல அறிவைப் பெருசா அளக்கிறதில்லைங்க. நேரம் போய்க்கிட்டே இருக்கிறப்ப, பதறாம ஒரு முடிவுக்கு வர்றோமான்னு பாக்கிறாங்க."

"அப்படின்னா எங்க அம்மாவ உக்கார வை. மீன்காரன் சைக்கிள நிறுத்துறதுக்குள்ள வெலைய முடிச்சிருவாங்க!"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

குண்டசாலையில் தங்கள் வீட்டு அறையில், கணினியின் முன் அமர்ந்தே பரீட்சையை எழுதலாம். எங்கோ தொலைவிலிருந்து ஒரு மேற்பார்வையாளர் கமெரா வழியே பார்த்துக்கொண்டிருப்பார். குறிப்பெழுதச் சிறியதொரு வெண்பலகையைத் தவிர மேசையில் வேறெதுவும் இருத்தலாகாது. அறையினுள் எவரும் நுழையலாகாது. நுழைந்தால், அந்தக் கணத்திலேயே பரீட்சை இரத்து.

அந்த ஞாயிறு காலையில் திருச்செல்வம் கடைக்குப் போகவில்லை. அழைப்பு மணியின் பற்றரியைக் கழற்றினான். பக்கத்து வீட்டு நோனாவிடம், அந்தச் சிங்கள அம்மாவின் மொழியிலேயே பணிவாகப் பேசி, புல் வெட்டுவதைப் பிற்பகலுக்கு மாற்றுவித்தான். தன் தாய் பாலம்மாவை ஒலியடக்கிய தொலைக்காட்சியின் முன் உட்காரவைத்து, "யாரும் உள்ள பூந்தா ராஜியோட பரீட்சை போயிரும்" என்று குழந்தைக்குச் சொல்வதுபோற் சொன்னான். பின்னர் அறைவாசலிற் கதிரையைப் போட்டுத் தானே காவலிருந்தான்.

இப்படியொரு கணவன் எத்தனை பேருக்கு வாய்ப்பான் என்று எண்ணியவாறே இராஜேஸ்வரி கதவைச் சாத்தினாள்.

கட்டுரை முடிந்தது. சொல்லறிவுப் பகுதிகள் முடிந்தன. எஞ்சியது கணிதத்தின் இறுதிப் பகுதி.

ஒரே வாசிப்பில் வினாவைப் பிடித்து, விடையைத் தெரிவுசெய்து, அப்பாற் செல்லவேண்டும். இருமுறை வாசித்தே வளர்ந்தவளுக்கு இதைவிடக் கடினமான பயிற்சி இல்லை. மாதக்கணக்காகப் போராடியும் கைவராத அந்த வேகம், அன்று தானாகவே வந்து அவள் விரல்களில் அமர்ந்துகொண்டது. ஒரு வினாவிலிருந்து அடுத்த வினாவுக்கு, இறக்கத்தில் ஓடும் நீரைப் போல அவள் போய்க்கொண்டிருந்தாள். நன்றாக வந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கதவு திறந்தது.

திரும்பினாள். கையில் பிளேன்டீக் கோப்பையோடு திருச்செல்வம் நின்றான்.

மேற்பார்வையாளரின் குரல் மரியாதையாக வருத்தம் தெரிவித்தது, விதியை எடுத்துரைத்தது. திரையிலிருந்து வினாக்கள் மறைந்தன.

"ஐயோ, மறந்தே போயிட்டேன் ராஜி. களைச்சிருப்பியேன்னு..."

அவன் முகத்தைப் பார்க்க அவளுக்கு இரக்கமாகவே இருந்தது. பரீட்சைக்குப் படிக்கிறவர் பக்கத்தில் சூடாகத் தேநீர் கொண்டுபோய் வைப்பது எங்கள் வீடுகளிற் பாசத்தின் முதற்கடமை. அதற்கு எந்த நாட்டுச் சட்டமும் குறுக்கே வந்ததில்லை. அன்பு மிகுந்தால் அறிவு சற்றே மறையும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முன் இன்னுமொரு தடவை எழுத அவகாசமும் இருந்தது.

"பரவாயில்லைங்க," என்று அவனையும் தேற்ற எழுந்தாள்.

அப்போது கூடத்திலிருந்து பாலம்மா ஓடிவந்தாள்.

"நான் கையப் புடிச்சு இழுத்தேனே புள்ள! 'பூந்தா பரீட்சை போயிரும்னு நீதானேடா சொன்னே'ன்னு காதோரமாச் சொன்னேன். 'தெரியும்மா, நீ சும்மா இரு'ன்னுட்டுல்ல கதவத் தொறந்தான்!"

திருச்செல்வம் மறுக்கவில்லை.

கோப்பையை மேசையில் வைத்தான்.

"அவ போயிட்டா இந்த வீட்ல எனக்கு யாரும்மா இருக்கா?" என்று அவன் தாயைக் கேட்டான், மனைவியின் பக்கம் திரும்பவில்லை.

"ஏன், நான் செத்தா போயிட்டேன்?" என்றாள் பாலம்மா. பின்னர் என்ன நினைத்தாளோ, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இராஜேஸ்வரிக்குக் கோபம் வந்தது. அதனடியில், அவனை வெறுக்க முடியாத வேதனையும் வந்தது. இரண்டையும் அவள் வெளியே விடவில்லை. வெண்பலகையிலிருந்த பாதிக் கணக்கை உள்ளங்கையால் துடைத்தாள். கணினியை மூடினாள்.

"அடுத்த மாசம் கொழும்புல பரீட்சை நிலையத்துக்கே போய் எழுதுறேன்," என்றாள். "நான் தனியாப் போய்க்கிறேன்."