அதே காளை

இறந்துபோன ரேக்ளா பந்தயக் காளையின் காதுத் தோலிலிருந்து குளோனிங் முறையில் உருவாக்கிய கன்றை மோகனூருக்குக் கொண்டுவந்து இறக்கினார் டாக்டர் நித்யஸ்ரீ.

இரண்டு வருடமாகக் கொட்டகையில் வேறு மாடு கட்டாமல் காத்திருந்த காளையின் சொந்தக்காரர் சின்னுசாமி, கன்றின் உடம்பில் சுழி பார்த்தார். வாலைத் தூக்கிப் பார்த்தார். எல்லாம் அச்சு அசல். ஆனாலும் நம்பிக்கை வரவில்லை.

“வேற கன்னை என் தலையில கட்டப் பாக்கறீங்க. திருப்பி ஏத்திட்டுப் போயிருங்க.”

“டிஎன்ஏ ரிப்போர்ட் இருக்குங்க ஐயா.”

“காயிதம் கெடக்கட்டுமுங்க. ஒம்பது வருசம் அவனை ஓட்டுனவன் நானு.”

கையை நீட்டினார். கன்று துள்ளி வந்து உள்ளங்கையை நக்கியது.

“பாத்தீங்களா? என் காளை என் கையைக் கண்டாலே மெரண்டு ஒதுங்குமுங்க!”

கன்றின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்த மனைவி வள்ளியாத்தாள் நிமிராமலே சொன்னாள்.

“ஏனுங்க, இவன் இன்னும் உங்க சாட்டையைப் பாக்கலீங்களே.”