அக்காவின் வயிறு

"நிறுத்து, நிறுத்து! யாரோ துரத்துற மாதிரி படிச்சா என் வயிறு எப்படிடா அடங்கும்?"

அக்கா கைப்பேசியை மேஜைமேல் சரித்து வைத்தாள். தம்பி தாளை மடியில் போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவன் மாஸ்டர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் பக்கத்து பிரேக்கின்மேல் காலை வைத்தபடியே அவனுக்கு நாள் முழுவதும் போகும். இப்போது சோபாவில் உட்கார்ந்திருந்தும் வலது கால் தரையை அமுக்கிக்கொண்டே இருந்தது.

"நான் எதுக்குக்கா? டாக்டரே பேசிப் பதிவு பண்ணிக் குடுக்கக் கூடாதா?"

"குடுத்தார். அவர் குரலைக் கேட்டா எரிச்சல்தான் வருது. நீ கை நடுங்கறவங்களை எல்லாம் 'பதறாதீங்க, மெதுவா'ன்னு சொல்லிச் சொல்லியே ஓட்ட வைக்கிறே. எனக்கு உன் குரல்தான் சரி."

விஷயத்தை அக்கா போன வாரம்தான் சொல்லியிருந்தாள். வெளியே கிளம்பினாலே வயிறு முறுக்குகிறதாம், கலக்குகிறதாம். ஸ்கேன் எடுத்தும் ஒன்றும் இல்லையாம். மனசு பதறினால் குடலும் கூடவே பதறும், ஹிப்னாடிச முறையில் உடம்பைத் தளர்த்திப் பழகினால் சரியாகும் என்று டாக்டர் இந்தத் தாளைக் கொடுத்தாராம்.

"எனக்கும்தான் அப்பப்போ வயிறு மக்கர் பண்ணும். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஸ்கேன்கூட எடுத்தேன், சும்மா காசு தண்டம். மதியம் சாப்பிடாம விட்டாத் தீர்ந்தது. இதுக்கெல்லாம் யாராவது டாக்டரைத் தேடிப் போவாங்களா?"

"எல்லாரும் உன்னை மாதிரி இரும்பா? படிடா."

"உங்கள் வயிற்றின்மேல் ஒரு கை இருக்கிறது. அந்தக் கையின் சூடு மெல்ல உள்ளே இறங்குகிறது. முறுக்கிய கயிறு தானாகப் பிரிகிறது…"

"ஒவ்வொரு வரிக்கும் நடுவுல இடைவெளி விடு."

"எவ்வளவு?"

"உன் வயித்துமேலயே கையை வெச்சு, ஒரு மூச்சு நல்லா இழுத்து விடு. அந்த அளவு."

மறுநாள் மாலை, பதிவில் ஹாரன் சத்தம் விழுந்துவிட்டது என்றாள். அதற்கு மறுநாள், அவன் மூக்கை உறிஞ்சியது கேட்கிறது என்றாள். அப்புறம், தினமும் புதிதாகக் கேட்டால்தான் பலிக்கும் என்று டாக்டரே சொல்லிவிட்டாராம்.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு வந்துபோனான். அவனுக்கு இருக்கிற தலைவலி போதாதா? பாதி வகுப்பில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு பெட்ரோல் பங்க் கழிப்பறைக்கு ஓடுகிறான் என்று முதலாளியிடம் இரண்டு பேர் புகார் சொல்லியிருந்தார்கள். "மூணாவது புகார் வந்தா வேற ஆள் பார்த்துக்குவேன்" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார் அவர். இதை வீட்டில் யாரிடமும் அவன் மூச்சுவிடவில்லை.

மூன்றாவது வாரத்தில் தாள் தேவைப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டே சொன்னான். ஒரு நாள் பாதியில் குரல் நின்றுபோய், அக்கா தோளைத் தட்டியபோதுதான் விழித்தான்.

இன்னொரு நாள் இரண்டு வகுப்புகளுக்கு நடுவே சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவன், அதைக் காலி செய்த பிறகுதான் தான் சாப்பிட்டதையே கவனித்தான். அடுத்து வந்த பெண் நடுச்சாலையில் வண்டியை அணைத்துவிட்டுத் திருதிருவென விழித்தாள். பின்னால் பத்து வண்டிகள் கத்தின. "ஒண்ணும் அவசரமில்லைம்மா" என்றான். வயிறு வாயே திறக்கவில்லை.

ஏழாவது வாரம் அக்கா சொன்னாள்: "டாக்டர் கடைசியா ஒரு தடவை வரச் சொல்லியிருக்கார். வண்டியில கூட்டிட்டுப் போடா."

"இப்ப எப்படிக்கா இருக்கு?"

"உன் புண்ணியத்துல முறுக்கறதே இல்லை."

அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை. போகிற வழியெல்லாம், தன் குரலுக்கு டாக்டர் தனியாகச் சம்பளம் தரவேண்டும் என்று அளந்துகொண்டே வண்டி ஓட்டினான். மருத்துவமனையில் அழைப்பு வந்ததும், "நீயும் வா" என்று அக்கா அவனை முன்னே தள்ளினாள்.

டாக்டர் எழுந்து கை கொடுத்தார். "வாங்க மாஸ்டர்! இப்ப நல்லாச் சாப்பிட முடியுதா? வகுப்பு நடுவுல இறங்கி ஓடறது நின்னுடுச்சா?"

அவனுக்குக் காது சூடானது. "அது… அக்காவுக்குத்தானே சார்…"

"அக்காவுக்கா?" டாக்டர் கோப்பைத் திருப்பிப் பார்த்தார். "இதுல உங்க பேரும் உங்க பழைய ஸ்கேனும்தான் இருக்கு. நேர்ல வரக் கூச்சப்படறீங்க, வீட்டிலேயே பழகிக்கறீங்கன்னு சொல்லித்தானே இவங்க தாளை வாங்கிட்டுப் போனாங்க!"

அவன் திரும்பினான். அக்கா கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"அப்போ நான் தினமும் உனக்காகப் பேசினதெல்லாம்?"

"உன் முதலாளி போன்ல எல்லாத்தையும் சொல்லிட்டார். எனக்கு என்னடா, கல்லைத் தின்னாலும் செரிக்கும்" என்றாள் அக்கா. "அந்த போன்ல பதிவு பட்டனை நான் ஒரு நாள்கூட அமுக்கினதே இல்லை."