அம்மா வந்துவிட்டுப் போனாள்

அறுபத்தெட்டாம் வருஷம் நடந்தது, கண்ணுகளா. மெட்ராஸ் கப்பல் வந்துபோன பிறகு அந்தமானில் எங்க பாராடாங் தீவு முழுக்கச் சின்னம்மை. நிறைமாதமாக இருந்த ருக்குவைப் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிரசவ சமயத்தில் அவளுக்கு அம்மை கண்டால் குழந்தை தங்குவது கஷ்டம்.

"முன்னாடி அம்மா வந்திருக்காளா தாயீ?" என்று கேட்டார் ரத்தம் எடுக்க வந்த ஜெபராஜ்.

"எங்கண்ணே வர்றது? என்னைப் பெத்தன்னிக்கே செத்துட்டா."

"அந்த அம்மா இல்ல. முத்து போடுற அம்மா."

"அவளும் வந்ததில்ல."

ஒருமுறை கண்ட நோயை ரத்தத்தின் அணுக்கள் மறப்பதில்லை. ஜெபராஜ் கண்ணாடிக் குழாயில் அவள் ரத்தத்துக்கு அம்மைக் கிருமியைக் காட்டி, அணுக்கள் எழுகின்றனவா என்று பார்த்தார். நான்காம் நாள் சிரித்தபடி வந்தார்.

"உன் ரத்தம் எழுந்து எதிர்த்து நிக்குது. அம்மா எப்பவோ வந்துட்டுப் போயிருக்கா. புள்ளைக்குப் பயமில்ல."

அன்றுதான் ருக்கு நிம்மதியாகத் தூங்கினாள். அடுத்த வாரம் பெண் குழந்தை பிறந்தது. உடம்பில் ஒரு பொட்டு முத்து இல்லை.

ருக்கு கண் விழித்தபோது, தமிழ் தெரியாத ராஞ்சி ஆயா தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"துமாரி மா ஆயீ தீ," என்றாள். உன்னைப் பெற்றவள் வந்திருந்தாள், குழந்தையைப் பார்த்துவிட்டு இப்போதுதான் வெளியே போனாள் என்று இந்தியில் சொன்னாள்.

ருக்கு பயப்படவில்லை. கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து படுத்து, பக்கத்தில் ஒரு ஆள் உட்கார இடம் விட்டாள்.