கேட்டரிங் அக்கா

"தினை சாலட்டை முந்தின நாளே செஞ்சு பிரிட்ஜுல வச்சிரு ஹெப்சி. மறுநாள் நிம்மதியா இருக்கலாம்."

"எனக்கென்ன நிம்மதி? நான்தான் வரப்போறதில்லையே."

"என்ன செய்யச் சொல்லுத? அம்மா இன்னும் மனசு மாறல. உன் பேரை எடுத்தாலே தட்டுல கையக் கழுவிட்டு எந்திரிச்சிருதாவ. இது நீ செஞ்சதுன்னு தெரிஞ்சா ஒருத்தரும் தொட மாட்டாவ. ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு கேட்டரிங் அக்கா செஞ்சதுன்னு சொல்லிக்கிடுதேன்."

கல்யாணமான முதல் கோடையில் விஜயபாண்டி சொன்னது இது. ஒவ்வொரு மே மாதமும் தினையை உலையில் போடும்போது ஹெப்சிபாவுக்கு அந்தப் பேச்சு ஞாபகம் வந்துவிடும்.

ராஜபாளையத்தில் இருக்கும் அவன் குடும்பம் கோடை விடுமுறையில் ஒரு நாள் அய்யனார் கோவிலுக்குப் போகும். சாமி கும்பிட்டுவிட்டு மரத்தடியில் பாய் விரித்து, ஆளுக்கொன்றாகச் செய்து கொண்டுவந்ததைப் பகிர்ந்து சாப்பிடுவார்கள். கிறிஸ்தவப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருக்கும் விஜயபாண்டி மட்டும் அங்கே தனியாகத்தான் போய்வருவான். அவன் அம்மா சண்முகத்தாய் கல்யாணத்துக்கே வரவில்லை.

வெந்த தினையைத் தாம்பாளத்தில் கொட்டி, மின்விசிறிக்கு அடியில் பொலபொலவென்று ஆறவிட்டாள் ஹெப்சிபா. வெள்ளரியை நறுக்குமுன் விதையை வழித்தெடுத்தாள். இல்லாவிட்டால் மறுநாளைக்குத் தண்ணீர் விட்டுவிடும். மாங்காயும் கேரட்டும் பொடியாகப் போட்டுக் கலந்து, எலுமிச்சைச் சாறும் உப்பும் ஒரு சின்ன பாட்டிலில் தனியே, வறுத்த கடலை தனியே என எடுத்து வைத்தாள்.

"ஏங்க, சாப்பிட உக்காந்த பொறவுதான் எலுமிச்சைய ஊத்தணும். கடலைய அதுக்கும் பொறவு. மறந்துராதீங்க."

"வருசா வருசம் இதே பாட்டு. எல்லாம் தெரியும்."

"போன தடவை எல்லாரும் என்ன சொன்னாவ?"

"என்ன சொல்லுவாவ? தின்னாவ."

போன தடவை பாத்திரம் கழுவித் துடைத்து வந்திருந்தது. உள்ளே இரண்டு பஞ்சவர்ண மாம்பழமும், வாழையிலையில் சுற்றிய ஒரு பந்து மல்லிகையும்.

"இது யாருக்குங்க?"

"அந்தக் கேட்டரிங் அக்காவுக்கு அம்மா வச்சு விட்டாவ. வெறும் பாத்திரத்தை அனுப்பக் கூடாதாம்."

யாரோ ஒருத்திக்கு வந்த பூவை ஹெப்சிபா தன் தலையில் வைத்துக்கொண்டாள். வேறென்ன செய்வது?

"இந்த வருசமாவது அத்தைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்" என்றாள் இப்போது.

"கேக்காம இருப்பேனா? போன வாரங்கூடக் கேட்டேன். அவ வந்தா நான் வரலன்னுட்டாவ." விஜயபாண்டி பெருமூச்சு விட்டான். "உன்னாலதானே எங்க குடும்பத்துல நான் ஒத்தையில போய் நிக்கேன்."

அந்த ஒரு வரியில் எல்லாச் சண்டையும் முடிந்துவிடும். அந்த வரிக்காகத்தான் பள்ளிக்கூட வேலையை விட்டாள். சர்ச் பாடகர் குழுவை விட்டாள். தனக்காகப் பெற்றவளையே பகைத்துக்கொண்டு நிற்பவனிடம் எதை மறுப்பது?

மறுநாள் காலையில் அவன் குளிக்கப் போயிருந்தான். அவள் சில்லிட்ட பாத்திரத்தைப் பையில் எடுத்து வைக்கும்போது அழைப்பு மணி அடித்தது.

கதவைத் திறந்தாள் ஹெப்சிபா. விஜயபாண்டியின் போனில் பார்த்த அதே முகம். சண்முகத்தாய்.

தெரு முனையில் ஒரு வேன் நின்றது. அதிலிருந்து நாலைந்து தலைகள் இந்தப் பக்கமே எட்டிப் பார்த்தன.

"வா... வாங்க அத்தை."

சண்முகத்தாய் உள்ளே வரவில்லை. செருப்பைத் தெருவோரமே கழற்றிப் போட்டுவிட்டு, வாசற்படிக்கு அந்தப் பக்கமே நின்றாள். வீட்டுக்குள் ஒரு காலைக்கூட எடுத்து வைக்கவில்லை.

என் வீட்டுப் படியை மிதிக்கக்கூட மனசில்லை என்று நினைத்துக்கொண்டாள் ஹெப்சிபா.

"அவிய குளிக்காவ அத்தை. இப்ப வந்திருவாவ. உக்காருங்க, தண்ணி கொண்டாரேன்."

"வேண்டாம் தாயி. முக்குல இருக்க பால்கோவா கடையில வீட்டை விசாரிச்சு வந்தேன். வேன்ல எல்லாரும் காத்துக் கெடக்காவ."

அவள் பார்வை பையின் மேல் போனது. ஹெப்சிபா பதறிப்போய், மனப்பாடம் செய்திருந்ததைச் சொன்னாள்: "இது... இது நான் செஞ்சது இல்ல அத்தை. கேட்டரிங்ல சொல்லி வாங்கினது. தைரியமா சாப்பிடலாம்."

சண்முகத்தாய் ஒன்றும் புரியாமல் அவள் முகத்தையே பார்த்தாள். பார்வையைக் கீழே இறக்கி, சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள்.

உள்ளே குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் சட்டென்று நின்றது. கதவு திறக்கவில்லை.

ஹெப்சிபா திட்டு வாங்கத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வருசா வருசம் இவன்கிட்ட சொல்லிவிட்டும் நீ வர மாட்டேன்னுட்ட, இந்தத் தடவை நானே கூப்பிட வந்திருக்கேன், வாரியா தாயி?"