பந்தல் பிரியும் நேரம்

தள்ளுவண்டியில் போவது தன் கடைப் பாத்திரங்கள்தான் என்று தெரிந்ததும் சங்கரபாண்டியன் பந்தலுக்குள் எழுந்து உட்காரப் பார்த்தார். முடியவில்லை. உண்ணாவிரதத்தின் மூன்றாம் நாள், குடல்புண் வேறு வயிற்றைச் சுருட்டிப் பிடித்தது.

அண்டா, குத்துவிளக்கு, எவர்சில்வர் குடம் என்று வண்டி நிறையக் குவிந்து கிடந்தன. பின்னாலேயே யாரோ இரண்டு பெண்கள் நடந்து போனார்கள். கண் மசங்கியதால் முகம் தெரியவில்லை.

"அப்ப சொன்னத செஞ்சிட்டா" என்று முனகினார்.

முதல் நாளே மனைவி கல்யாணசுந்தரி சண்டை பிடித்திருந்தாள். "புண்ணு வயித்த வச்சிக்கிட்டுப் பட்டினி கிடக்கப் போறீங்களா? எல்லாத்தையும் வித்துத் தொலைச்சிட்டு நான் கடம்பூருக்கு எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்" என்று கத்திவிட்டுப் போனவள்தான். அதன்பிறகு பந்தல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் மட்டும் ஆசைப்பட்டா படுத்தார்? அடுத்த மாதம் முதல் கோவில்பட்டி கடைத்தெருவுக்குள் காரும் வேனும் வரக் கூடாது, தெருமுனை மைதானத்தில் நிறுத்திவிட்டு நடந்துதான் வர வேண்டும் என்று நகராட்சி முடிவு செய்திருந்தது. "நாகலாபுரத்துலருந்து சீர்ப் பாத்திரம் எடுக்க வாரவன் அண்டாவத் தலையிலயா சொமந்துட்டுப் போவான்? கடையப் பூட்டிட்டுப் போவ வேண்டியதுதான்" என்று வியாபாரிகள் கூட்டத்தில் கேட்டவர் அவர். கேட்டவரையே பிடித்துப் படுக்க வைத்துவிட்டார்கள். கல்யாண வீட்டுக்குப் போடுவதுபோலத் தெருவையே அடைத்துப் பந்தல் போட்டார்கள்.

முதல் நாள் அவரோடு உட்கார்ந்த வியாபாரிகளெல்லாம் "கடைய ஒரு எட்டுப் பாத்துட்டு வாரேன் அண்ணாச்சி" என்று ஒவ்வொருவராய்க் கழன்றுகொண்டார்கள். போனவர் ஒருவரும் திரும்பவில்லை. மிச்சம் இருந்தது மைக்கும் தங்கப்பாண்டியனும்தான். அவருக்கு மூன்று வாடகைக் கார் ஓடுகிறது, அவர் எங்கே போவார்?

"தங்கப்பாண்டி, காதுக்குள்ள கிர்ருன்னு இரையுதுய்யா. முந்தாநாள்லருந்து நிக்கவே மாட்டேங்கு."

"பட்டினி கிடந்தா காது இரையத்தான் செய்யும். விட்டுராதீய அண்ணாச்சி."

"எங்க வீட்டுல வந்தாளா?"

தங்கப்பாண்டியன் தயங்கினார். "மதினி கடைய விட்டு எறங்கல. நீங்க அசந்து கிடக்கையில ஆள் விட்டு, சரக்கு அடுக்கியிருக்க கிட்டங்கிச் சாவிய வாங்கிட்டுப் போயிட்டாவ."

கிட்டங்கியையுமா? யாருக்காக இந்தப் பட்டினி என்று நினைத்தபோது சங்கரபாண்டியனுக்கு அழுகை வந்தது. துடைக்கக்கூடக் கை எழவில்லை.

மத்தியானம் வந்து நாடி பிடித்துப் பார்த்த டாக்டரின் முகம் சரியில்லை. "சாயங்காலம் வரைக்கும் தாங்காது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிருங்க" என்றார்.

"தூக்கப்படாது!" என்று தங்கப்பாண்டியன் மைக்கிலேயே அலறினார். "அண்ணாச்சிக்கு ஏதும் ஒண்ணு ஆச்சுன்னா இந்த ஊரு தாங்காது!" பந்தலுக்கு வெளியே அவருடைய டிரைவர்கள் கையில் கல்லோடு நின்றார்கள்.

அந்த நேரத்தில்தான் நகராட்சி ஆணையர் வந்தார். ஜீப் உள்ளே வர வழியில்லாததால் தெருமுனையிலேயே இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்து வந்தார். கல் வைத்திருந்த கைகள் மெல்ல உயர்ந்தன. ஆணையருக்கு நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"யாரும் அவசரப்படாதீங்க. திட்டத்தைக் கைவிட்டாச்சு. கார் எப்பவும் போல வரலாம்."

டிரைவர்கள் கல்லைப் போட்டுவிட்டு விசிலடித்தார்கள். தங்கப்பாண்டியன் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றினார். "ஏலே, பந்தலப் பிரிங்கடே! மொத வண்டியா என் வண்டிய உள்ள விடுங்க!"

ஆணையர் எலுமிச்சம்பழச் சாற்றை எடுத்துக் குனிந்தார். டம்ளர் உதட்டுக்குப் பக்கத்தில் வந்தபோது, சங்கரபாண்டியனின் காதில் இரைந்த சத்தம் சட்டென்று நின்றது. உயிர் போகிறதோ என்று பயந்துபோனார்.

"பந்தல்ல எவனும் கை வைக்கப்படாது!"

கல்யாணசுந்தரி ஓடி வந்தாள். கொண்டை அவிழ்ந்து கிடந்தது, சேலையெல்லாம் வெள்ளைத் தூள். விற்ற பாத்திரத்தில் கிர்ரென்று பேர் வெட்டுகிற மிஷின், வயர் தரையில் இழுபட, அவள் கையிலேயே இருந்தது.

வந்த வேகத்தில் ஆணையரிடமிருந்து டம்ளரைப் பிடுங்கினாள். அவர் மிரண்டு பின்வாங்கினார். அவளோ புருஷனின் தலையை மடியில் தூக்கி வைத்து, கடைசிச் சொட்டுவரை தானே புகட்டினாள்.

"சுந்தரி..." சங்கரபாண்டியன் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டார். "கடையக் காலி பண்ணிட்டியா? கடம்பூருக்குப் போறியா?"

"கடையும் காலி, கிட்டங்கியும் காலி. ஒரு கரண்டி மிச்சமில்ல." அவள் சேலைத் தலைப்பால் அவர் வாயைத் துடைத்துவிட்டாள். "பேரு வெட்டி வெட்டிக் கை மரத்துப்போச்சு. பந்தல் போட்டதுலருந்து நடந்து வார சனம் உங்கள வந்து பாக்கக்கூட விட மாட்டேங்குது."

பந்தல் காலில் ஏறியிருந்தவன் அப்படியே நின்றான். தங்கப்பாண்டியனின் துண்டும் சுற்றுவதை நிறுத்தியது.

கல்யாணசுந்தரி புருஷனைத் தாங்கிப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். பிறகு அவர் படுத்திருந்த பாயை ஒரு உதறு உதறி விரித்து, நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"கமிஷனரய்யா, தெருவுக்குள்ள காரு வரப்படாதுன்னு இனி நான் உண்ணாவிரதம்!"